தருமங்களுக்கு ஒரு சங்கம்

தருமம் செய்தல் எளிது. செய்த தருமத்தைக் காத்தல் அரிது. செல்வர் ஒருவர் தம் ஆயுட்காலம் முழுதும் உழைத்து ஈட்டிய பொருளைப் பொதுநன்மைக்கென்று எழுதிவைத்துக் கண்மூடுகின்றார். அப்பொருள் அவர் கருதியவாறே செலவாகின்றதா, அதனை ஆளும் தர்மகர்த்தர்கள் நேர்மையில் நிற்கின்றனரா, காலம் மாறுமிடத்து அத்தருமத்தின் போக்கும் மாறத்தக்கதா என்னும் வினாக்கள் பின்வந்தோர் தலைமேல் விழுகின்றன. தனித்தனியே நிற்கும் தருமங்கள் பல ஒருங்குகூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொள்ளின், அச்சங்கத்தை நடத்துவோர்க்கு மற்றொரு வினாவும் எழும். அங்கத்தினரைக் கட்டளையிட்டு ஏவும் வன்மை அவர்க்கு இல்லை. மனம் இசைந்தார் சந்தா செலுத்துவர்; இசையாதார் விலகிப்போவர். அங்ஙனமாயின் அச்சங்கத்தின் பலம் எதில் உள்ளது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த வரலாறு ஒன்று இதற்கு நல்ல விடையளிக்கின்றமையின், அதனை நம் நேயர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

செயின்ட் லூயிஸ் நகரத்தின் மேயராயிருந்த பிரையன் முல்லன்பி என்பவர் 1851-ஆம் ஆண்டிற் காலமானார். மேற்குத் திசையிற் குடியேறுவான் வேண்டி அந்நகரின் வழியே செல்லும் ஏழைப் பிரயாணிகளுக்கு உதவுமாறு தம் சொத்தில் மூன்றிலொரு பங்கை அவர் எழுதிவைத்திருந்தார். அக்காலத்திற்கு அது மிகவும் ஏற்ற தருமமே. ஆயின், இரயில் வண்டிகள் வந்தன. வண்டி கட்டிக்கொண்டு மேற்கே சென்ற கூட்டம் குறைந்து மறைந்தது. பொருள் இருந்தது, பெறுவோர் அரியராயினர். இறந்தவர் எழுதிவைத்த சொல் உயிரோடிருப்பவர் கையைக் கட்டிவிட்டது. இத்தகைய நிலையை அந்நாட்டார் ‘இறந்தோர் கையின் பிடி’ என்று வழங்குவர்.

இப்பிடியைத் தளர்த்த வழி கண்டவர் கிளீவ்லந்து நகரத்து வக்கீலாயிருந்து பின்னர் அந்நகரத்துப் பாங்கி ஒன்றின் தலைவரான பிரெடரிக் கோஃப் என்னும் பெரியார். அவர் 1914-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2-ஆம் நாள் ‘கிளீவ்லந்து நிதி’ என்னும் பொது தர்ம ஸ்தாபனத்தை நிறுவினார். பலர் எழுதிவைக்கும் சிறிதும் பெரிதுமான பொருள்களை ஒன்றாகச் சேர்த்து, முதலைப் பாங்கி காக்கவும், வருவாயை ஐவர் அடங்கிய கமிட்டி நகரத்தின் அவ்வக்காலத் தேவைக்கேற்ப வழங்கவும் அவர் ஏற்பாடு செய்தார். ஐவரில் இருவரையே பாங்கி நியமித்தது. ஏனைய மூவரை நகரத்து மேயரும், உயில் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியும், மத்திய சர்க்காரின் ஜில்லா நீதிபதியும் ஒவ்வொருவராக நியமித்தனர். பணத்தைக் காப்பவர் வேறு, செலவைத் தீர்மானிப்பவர் வேறு என்று பிரித்ததே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை. வழங்குதற்குப் போதிய வருவாய் சேருமுன்னரே அந்நிதியார் நகரத்துப் பள்ளிக்கூடங்களின் நிலைமையை அறிஞரைக்கொண்டு ஆராய்ந்து வெளியிட்டனர். 1915-ஆம் ஆண்டிலேயே சிக்காகோவிலும் பாஸ்டனிலும் இம்முறையைத் தழுவிய நிதிகள் தோன்றின. கோஃப் 1923-இல் உலகவாழ்வை நீத்தார். அவர் நட்ட மரமோ ஊர்தோறும் கிளைத்தது.

இவ்வூர்ப் பொதுநிதிகள் தம்முட் கலந்து பேசவும், ஒன்று கற்றதை மற்றொன்று அறியவும் 1949-ஆம் ஆண்டில் ஒரு தேசியக் கமிட்டியை அமைத்துக்கொண்டன. அக்கமிட்டியே 1957-இல் ஊர்ப் பொதுநிதிகளின் தேசியக் கவுன்சில் என்றும், 1964-இல் தனவந்தர் குடும்பங்களும் கம்பெனிகளும் நிறுவிய தனி நிதிகளையும் தன்னுள் ஏற்று ‘நிதிகளின் கவுன்சில்’ என்றும் பெயர் பெற்றது. பெயர் விரிந்ததேயன்றி, ஒற்றுமை அவ்வளவு விரைவில் விரியவில்லை. ஊர்ப் பொதுநிதி ஊராரிடம் பொருள் பெறுவது. ஆதலின் ஊரார்க்குக் கணக்குக் காட்டப் பழகியது. தனி நிதியோ ஒருவர் பொருளால் ஆயது. ‘எம் பொருளை யாம் வழங்குகின்றோம், பிறர் கேட்பதென்ன?’ என்னும் எண்ணம் அவற்றுட் பலவற்றில் வேரூன்றியிருந்தது.

இவ்வெண்ணம் தவறென்று அந்நாட்டு அறிஞர் சிலர் முன்னமே உணர்ந்தனர். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டமன்றமாகிய காங்கிரஸ் தர்ம நிதிகளைப்பற்றி விசாரணை நடத்தியபோது, கார்னகி ஸ்தாபனத்தின் தர்மகர்த்தர்களுக்குத் தலைவராயிருந்த ரஸ்ஸல் லெஃபிங்வெல் என்பார், தர்ம நிதிக்குக் கண்ணாடியாலாகிய பை இருத்தல் வேண்டுமென்று சாட்சியம் கூறினார். உள்ளிருப்பது வெளியிலிருந்தே புலப்படல் வேண்டும் என்பது கருத்து. 1956-இல் நிதிகளின் அறிக்கைகளை எவரும் வந்து படித்தற்கென நியூயார்க்கில் ஒரு புத்தகசாலையும் நிறுவப்பட்டது. எனினும் தாமே முன்வந்து கணக்கை வெளியிட்டவை சிலவே.

விளைவு விரைவில் வந்தது. டெக்ஸாஸ் நாட்டுப் பிரதிநிதியான ரைட் பேட்மன் என்பவர் 1961 முதல் 500-க்கு மேற்பட்ட நிதிகளின் வரவுசெலவுகளை ஆராய்ந்து, தருமத்தின் பெயரால் வரி தப்பியவரையும், தர்மப் பொருளைத் தம் சொந்த வியாபாரத்திற்குத் துணையாக்கிக்கொண்டவரையும் அறிக்கைமேல் அறிக்கையாக எடுத்துக்காட்டினார். 1969-இல் காங்கிரஸ் முழுவிசாரணையில் இறங்கியது. முந்தின ஆண்டிற் கொலையுண்ட ராபர்ட் கென்னடியிடம் அலுவல் பார்த்த எண்மருக்கு ஃபோர்டு நிதியார் 1,31,000 டாலர் வழங்கியிருந்த செய்தி அப்பொழுது பெருங்கண்டனத்துக்கு இலக்காயிற்று. ஒருவர் செய்த காரியத்திற்கு எல்லோரும் விடைகூற வேண்டிய நிலைமை நேர்ந்தது. கவுன்சில் இருந்தது, ஆயினும் அதன் வாக்கே எல்லா நிதிகளின் வாக்குமாகும் என்று சொல்லத்தக்க நிலைமை இல்லை. நன்னெறி நின்ற நிதிகளையும் தீநெறிப்பட்டவற்றையும் பிரித்துக்காட்டத்தக்க பொதுவிதி ஒன்றும் அதனிடம் இல்லை.

பிரதிநிதிகள் சபையார் நிதிகளின் முதலீட்டு வருவாயில் நூற்றுக்கு 7½ வரி விதிக்கத் துணிந்தனர். செனட் சபையின் கமிட்டி ஒன்று, எந்த நிதியும் 40 ஆண்டுகளுக்குமேல் நிலவலாகாது என்றும் விதி வகுத்தது. அவ்விதி செனட் சபையில் நீக்கப்பட்டது. வரியும் 4 வீதமாகக் குறைந்தது. 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ஜனாதிபதி நிக்ஸன் கையொப்பமிட்ட அச்சட்டம், நிதியை நிறுவியோரும் ஆள்வோரும் அந்நிதியோடு கொடுக்கல் வாங்கல் செய்தலை விலக்கியது. ஆண்டுதோறும் குறைந்தது இவ்வளவேனும் தருமத்திற்கு வழங்கல் வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இவ்விதிகளிற் பெரும்பாலான நல்லவையே என்பதை யாரும் மறுக்கார். நிதிகள் தாமே கூடி முன்னரே இயற்றிக்கொண்டிருக்கத் தக்கவற்றைப் பிறர் வந்து இயற்றித் தண்டமும் விதிக்கும்வரை வாளாவிருந்ததே குறையென்பது எமது கருத்து.

பட்ட பின்னரே புத்தி தெளிந்தது. 1980-ஆம் ஆண்டில் கவுன்சிலார் நிதிகள் ஒழுகவேண்டிய நெறிகளை எழுதி வெளியிட்டனர். தர்மகர்த்தர்கள் தம் கடமையை அறிந்து நடத்தல் வேண்டும். எவ்வெவற்றிற்குப் பொருளளிப்போம் என்பதை எல்லோரும் அறியக் கூறல் வேண்டும். உதவி வேண்டி எழுதுவார்க்குக் காலந்தாழ்த்தாது விடையிறுத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. பின்னர் அந்நெறிகளுக்கு உடன்படுவோரே அங்கத்தினராவர் என்றும் வரையறுத்தனர். இது துணிவான செயல். சந்தாவால் வாழும் சங்கம் ஒன்று சந்தா செலுத்துவோரையே நோக்கி நிபந்தனை கூறியது. உடன்படாதார் சிலர் விலகினர். தத்தம் விருப்பப்படி வழங்கும் சுதந்தரத்தைச் சங்கம் பறித்தலாகாது என்பது அவர்கள் வாதம். அதனை வெற்றுரையென்று தள்ளிவிடுதற்கும் இல்லை.

1982 முதல் 1995 வரை கவுன்சிலின் தலைமைப் பதவி வகித்தவர் ஜேம்ஸ் ஜோசப். லூயிசியானா நாட்டில் நீக்ரோ சமூகத்தாருக்கு இழைக்கப்பட்ட இழிவுகளினிடையே பிறந்து வளர்ந்து, கல்வியாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்து, 1996-இல் நெல்சன் மண்டேலாவின் அரசாங்கத்திற்குத் தம் நாட்டுத் தூதராகச் சென்றவர் அவர். கொடுப்போர் நிரம்பிய அவைக்கு, கொடுமை இன்னதென்று அறிந்த ஒருவர் தலைவராயிருந்தமை கருதத்தக்கது.

சட்டமும் நாளடைவில் மென்மையுற்றது. 4 வீதமாயிருந்த வரி 1978-இல் 2 வீதமாயிற்று. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றிய சட்டத்தால் 1.39 வீதமாயிற்று. ஐரோப்பாவிலும் 1989-இல் ஏழு நிதிகள் கூடி பிரஸல்ஸ் நகரில் இத்தகைய சங்கம் ஒன்றை நிறுவின. தருமங்களுக்கும் துணை வேண்டும் என்பதை இன்று பல தேசத்தாரும் ஒப்புகின்றனர்.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? சங்கத் தலைவர்க்குக் கோல் இல்லை. அவர்க்குள்ள பலமெல்லாம் அங்கத்தினர் தாமே மனமுவந்து ஏற்கும் கட்டுப்பாடே. அங்கத்தினர் தொகையைப் பெருக்குதல் நன்று. தொகைக்கு அஞ்சி விதியைக் கைவிடுதல் நன்றன்று. ஆயிரவர் சேர்ந்தும் கணக்குக் காட்டாத கூட்டம் ஆபத்து வந்துழி ஒருவராலும் நம்பப்படாது; நூற்றுவரே ஆயினும் கண்ணாடிப் பை உடையோர் நிமிர்ந்து நின்று விடையிறுப்பர்.

சகோதரர்களே! சிறு நிதியோ, பெரு நிதியோ, பொதுப்பொருளைக் கையில் வாங்கிய எவர்க்கும் இந்நியாயம் ஒன்றே. வரவுசெலவுப் பத்திரிகையைக் கேட்பது தர்மகர்த்தரை அவமதித்தலாகாது; அவரைக் காத்தலேயாகும். அதனை மகாசபையிற் கேளாதிருப்பதே அவர்க்கும் தருமத்திற்கும் நாம் செய்யும் தீங்கு. சர்க்கார் கேட்குமுன் நாமே கேட்போமாக. நாம் கேட்குமுன் தர்மகர்த்தர்கள் தாமே காட்டுவாராக. கொடுத்தவர் இறந்தும் கொடை இறவாதிருத்தற்கு இஃதன்றி வேறு வழி நாம் அறியோம்.