ஸ்புட்னிக் காட்டிய கடல்வழி

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் ஏவிய ஸ்புட்னிக் செயற்கைக்கோள், விண்ணிலிருந்து இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் வில்லியம் கையரும் ஜார்ஜ் வைஃபன்பாக்கும் அதைப் பதிவு செய்தார்கள். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்த சுருதியிலும், கடந்துபோன பின் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? ஸ்புட்னிக்கின் அலைவரிசையும் அப்படித்தான் ஏறி இறங்கியது. அந்த மாற்றத்தை வைத்தே அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள் இருவரும்.

1958-ல் அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் மெக்ளூர் கணக்கைத் திருப்பிப் போட்டார். செயற்கைக்கோளின் பாதை முன்பே தெரிந்திருந்தால், கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாமே! அமெரிக்கக் கடற்படைக்கு அவசரத் தேவையும் இருந்தது. போலாரிஸ் ஏவுகணை குறி தவறாதிருக்க, அதைச் சுமக்கும் நீர்மூழ்கி தன் இடத்தைத் துல்லியமாக அறிய வேண்டும். அப்படிப் பிறந்தது டிரான்சிட் என்ற செயற்கைக்கோள் வழிகாட்டல் அமைப்பு. 1964-ல் கடற்படையிலும், 1967 முதல் வணிகக் கப்பல்களிலும் அது புழக்கத்துக்கு வந்தது.

டிரான்சிட்டில் ஒரு சங்கடம் உண்டு. கோள் தலைக்கு மேல் கடக்கும்போதுதான் இடம் தெரியும். அடுத்த கோள் வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இடைப்பட்ட நேரத்தில் மாலுமிகள் பழைய வழியையே நம்பினார்கள்: கடைசியாகத் தெரிந்த இடம், வேகம், திசை, நேரம் என்று கூட்டிக் கணக்கிடும் டெட் ரெக்கனிங்.

ஜிபிஎஸ் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. 1978-ல் முதல் கோள் ஏவப்பட்டது. 1995-ல் 24 கோள்களுடன் அமைப்பு முழுமை பெற்றது.

அதே ஆண்டு ஜூன் 10 இரவு, பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குச் சென்றுகொண்டிருந்த 'ராயல் மெஜஸ்டி' என்ற சொகுசுக் கப்பல், நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் தரைதட்டி நின்றது. அதில் 1,500-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. விசாரணையில் காரணம் தெரிந்தது: துறைமுகத்தை விட்ட கொஞ்ச நேரத்திலேயே ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றிருந்தது. கோள்களின் சமிக்ஞை கிடைக்காத கருவி, தானாகவே டெட் ரெக்கனிங்குக்கு மாறி, காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கில் கொள்ளாமல் இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. திரையின் சிறிய எழுத்துகளில் எச்சரிக்கை இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஒன்றரை நாளில் கப்பல் சுமார் 17 கடல் மைல் விலகிப்போனது. கப்பலிலேயே இருந்த, தரை நிலையங்களின் வானொலி அலைகளை வைத்து இடம் காட்டும் லோரான் கருவி சரியான இடத்தைக் காட்டியும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை.

டிரான்சிட் காலத்து மாலுமிக்குத் தான் கணக்குப் போடுகிறோம் என்பது தெரியும். அதனால் சந்தேகமும் இருந்தது. இங்கே கணக்கைக் கருவியே போட்டதால், சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. டிரான்சிட் 1996-ன் இறுதியில் ஓய்வு பெற்றது. ஆனால் பாடத்திட்டத்திலிருந்து விலக்கியிருந்த, விண்மீன்களைப் பார்த்து இடமறியும் பழைய வழியை அமெரிக்கக் கடற்படை அகாடமி 2015-ல் மாணவர்களுக்கு மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது.