பனியாறு பார்க்கப் போன கப்பல்கள்

1794-ல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் குழு வந்தபோது அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவை அடைத்து நின்றது பனிச்சுவர். 1879-ல் அப்பகுதியின் பூர்வகுடிகளான டிலிங்கிட் வழிகாட்டிகளோடு இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி வெகுதூரம் பின்வாங்கியிருந்தது.

1883-ல் கேப்டன் ஜேம்ஸ் கேரல் 'ஐடஹோ' நீராவிக் கப்பலை உள்ளே செலுத்தினார். அதில் பயணித்த பத்திரிகையாளர் எலைசா சிட்மோர் எழுதியதைப் படித்தவர்களுக்கும் அங்கே போக ஆசை பிறந்தது. அப்படி வந்த பயணிகள் சிறு படகில் கரையிறங்கி மியூரின் பெயரைத் தாங்கிய மியூர் பனியாற்றின் மேலேயே ஏறி நடந்தார்கள். நீண்ட பாவாடை அணிந்த பெண்களும்தான். என்ன துணிச்சல்!

1899 செப்டம்பர் நிலநடுக்கத்தில் அந்தப் பனியாறு நொறுங்கியது. மிதந்த பனிப்பாறைகள் வழிமறிக்க, கப்பல்கள் பல ஆண்டுகள் நெருங்கவில்லை.

இந்தக் கதையில் முதலில் சொல்லப்பட வேண்டியவர்கள் ஹூனா டிலிங்கிட் மக்கள். 18-ஆம் நூற்றாண்டில் முன்னேறிய பனி அவர்களை ஊரைவிட்டே விரட்டியது. அவர்களுடைய மரபு இல்லம் 2016-ல்தான் அங்கே மீண்டும் எழுந்தது. ஆனால் இன்று பெரிய சொகுசுக் கப்பல்களில் வருவோர் அங்கே இறங்குவதில்லை. கப்பல் தளத்தில் நின்றபடியே பனியைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.