வாந்திபேதியும் மலைநாட்டுப் பாதையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடி இலங்கை மலைநாடு சென்ற தமிழ்த் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காடடர்ந்த வடபாதை வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் வாந்திபேதி பலரை மாய்த்தது. தேயிலைக் காலத்தில், 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் புகைவண்டியும் இணைந்தபின், அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் செல்வோரை இலங்கை அரசு இந்தியக் கரையிலேயே, மண்டபம் முகாமில், தடுத்துவைத்துச் சோதித்தது. நோய்க்கிருமி இன்னதென 1884இலேயே கொக் அறிவித்திருந்தார்; ஆயினும் அது கொல்லும் வகை அறியப்படாமையால், அதனைச் சுமப்போர் எனக் கருதப்பட்டோரையே அடைத்துவைத்தனர்.

அவ்வகையை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே துலக்கினார். கிருமி வளர்ந்த நீர்மத்தை வடித்து, உயிர்க்கிருமி ஒன்றுமில்லாத அவ்வடிநீரை முயலின் குடலிற் செலுத்தினார்; குடல் நீர்கொண்டு வீங்கிற்று. கொல்வது கிருமி சுரக்கும் நஞ்சே என்பது தெளிந்தது.

நஞ்சு உண்டெனின் அதனை ஆக்கும் பரம்பரையலகும் உண்டு. பரம்பரையலகை நொதியத்தால் வெட்டி, பிளாசுமிட்டில் ஒட்டி, பற்றீரியாவுட் புகுத்தும் முறையைக் கோயனும் போயரும் 1973இல் நிறுவினர். 1980களில் மேரிலாந்து ஆய்வாளர் அக்கத்தரியை வாந்திபேதிக் கிருமியிடம் கொண்டுசென்றனர். நஞ்சின் இரு கூறுகளுள் குடலை வருத்தும் 'ஏ' கூற்றின் அலகை ஏறத்தாழ முழுதும் நீக்கி, தீங்கற்ற 'பி' கூற்றினதை விட்டுவைத்தனர். அக்கிருமியே வாய்வழித் தடுப்பு மருந்தாகி 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இடையில், 1996இல், வால்டரும் மெக்கலானசும் வியப்பானதொன்றைக் கண்டிருந்தனர். நஞ்சின் அலகு கிருமிக்கே உரியதன்று. ஒரு வைரசு அதனைக் கொணர்ந்து கிருமியுட் சேர்த்தது. மண்டபத்தில் நோய் சுமப்போரைத் தேடிய மருத்துவர்க்கு இச்சுமையாளி தென்பட வழியிருக்கவில்லை.