செல்போன் மோடமான கதை: சேலம், நாமக்கல் பக்கம் நெட் வந்த வழி

இன்றைக்கு "ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணுடா" என்று சொன்னால் போதும், அடுத்த நிமிஷம் பக்கத்து லேப்டாப்பில் நெட் ஓடும். இதற்கெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்பீர்கள். இருக்கிறது நண்பர்களே. அதுவும் நம்ம சேலம், நாமக்கல் பக்கத்துக்கு இது கொஞ்சம் முக்கியமான வரலாறு. பெரிய நகரங்களில் முதலில் டெலிபோன் ஒயரில் நெட் வந்தது. பிறகு பிராட்பேண்ட் வந்தது. அதற்கப்புறம்தான் செல்போனில் நெட். நம்ம பக்கத்துத் தோட்டத்து வீடுகள் பலவற்றுக்கு முதல் இரண்டு படியும் கிடையாது. நேராக செல்போன்தான். அது எப்படி நடந்தது, அதற்கு நாம் என்ன விலை கொடுத்தோம் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒயர் வராத காடு

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்த நாள் 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். நிறுவனம் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் முதலில் கிடைத்தது சென்னையில் மட்டும். மற்ற ஊர்க்காரர்கள் மோடம் வைத்து சென்னைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்து அவசர அவசரமாகப் பேசி முடித்த காலம் அது. யார் மணிக்கணக்கில் எஸ்.டி.டி. போட்டு நெட் பார்ப்பார்கள்? லோக்கல் கால் செலவில் டயல்-அப் வந்த பிறகுதான் சேலம் டவுனிலும், 1997-ல் தனி மாவட்டமான நாமக்கல்லிலும், திருச்செங்கோடு, ராசிபுரம் போன்ற ஊர்களிலும் பிரவுசிங் சென்டர்கள் வந்தன.

வீட்டுக்கு நெட் வருவது வேறு கதை. 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. குறைந்தது 256 கே.பி.பி.எஸ். வேகம் இருந்தால்தான் அது பிராட்பேண்ட் என்று அதில் சொல்லியிருந்தார்கள். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தது. இது டெலிபோன் செம்புக் கம்பியிலேயே வரும். அங்கேதான் சிக்கல். எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பியின் நீளம் கூடக்கூட வேகம் குறையும். நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் கனெக்‌ஷன் நிற்பதே கஷ்டம்.

நம்ம பக்கத்துக் குடியிருப்பு எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் போல எல்லா வீடும் ஒரே தெருவில் ஒட்டி ஒட்டி இருக்காது. கிணறு இருக்கிற இடத்தில் வீடு. சுற்றிலும் தோட்டம். அடுத்த வீடு அரை கிலோமீட்டர் தள்ளி. கோழிப்பண்ணையும் அப்படித்தான், ஊரை விட்டுத் தள்ளித்தான் போடுவார்கள். ஒரு வீட்டுக்காக பத்து இருபது கம்பம் நட்டு ஒயர் இழுக்க எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு டவர் போட்டால் சுற்றியுள்ள இருபது தோட்டத்துக்கும் சிக்னல் போகும். இந்தக் கணக்குதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

போன் எப்படி மோடம் ஆச்சு?

கம்ப்யூட்டரின் பூஜ்யம், ஒன்று சமாச்சாரங்களை லைனில் போகிற மாதிரி மாற்றி அனுப்பி, வருவதைத் திருப்பி மாற்றித் தருகிற கருவிதான் மோடம். 1981-ல் அமெரிக்காவில் ஹேய்ஸ் என்ற கம்பெனி ஸ்மார்ட்மோடம் என்று ஒன்றை விற்றது. அதுவரை பல மோடங்களுக்கு மனிதன்தான் போனை எடுத்து டயல் செய்ய வேண்டும். ஹேய்ஸ் மோடத்துக்கு கம்ப்யூட்டரே கட்டளை கொடுக்கலாம். ஒவ்வொரு கட்டளையும் "ஏ.டி." என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். அட்டென்ஷன், அதாவது "இங்கே கவனி" என்று அர்த்தம். இந்தக் கட்டளைகளை மற்ற கம்பெனிகளும் காப்பி அடித்தன. நாளடைவில் உலகத்து மோடம் எல்லாம் இதே பாஷை பேச ஆரம்பித்தன.

ஜி.எஸ்.எம். செல்போன் வந்தபோது அதை வடிவமைத்தவர்கள் புதிதாக ஒரு பாஷையைக் கண்டுபிடிக்கவில்லை. பழைய ஏ.டி. பாஷையையே எடுத்து, செல்போனுக்குத் தேவையானதைக் கூடச் சேர்த்துக் கொண்டார்கள். அதனால் செல்போனை கேபிளில் இணைத்தால் கம்ப்யூட்டருக்கு அது ஒரு பழைய டயல்-அப் மோடமாகத்தான் தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி-யில் நெட் கனெக்ட் செய்ய *99# என்று "டயல்" செய்தது இதனால்தான். அந்த நம்பரில் யாரும் போனை எடுப்பதில்லை. "எனக்கு ஜி.பி.ஆர்.எஸ். லைன் கொடு" என்று போனுக்குச் சொல்லும் குறிச்சொல் அது, அவ்வளவுதான்.

இணைப்பதற்கு மூன்று வழி இருந்தது. டேட்டா கேபிள், இன்ஃப்ராரெட், ப்ளூடூத். இன்ஃப்ராரெட்டில் போனும் லேப்டாப்பும் முகத்துக்கு முகம் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் நகர்ந்தால் கட். ப்ளூடூத்தில் அந்தத் தொல்லை இல்லை, சுமார் 10 மீட்டர் வரை போகும். சிக்னல் கிடைக்கிற ஜன்னல் ஓரத்தில் போனை வைத்துவிட்டு, அறைக்குள் உட்கார்ந்து லேப்டாப்பில் நெட் பார்க்கலாம். டவர் தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு இது பெரிய உபகாரம். போனே சின்ன ஆன்டெனா ஆகிவிட்டது பாருங்கள்.

முதலில் #777, பிறகு *99#

2002 டிசம்பர் 28 அன்று ரிலையன்ஸ் தன் சி.டி.எம்.ஏ. சேவையைத் தொடங்கியது. 2003 ஜூலையில் 501 ரூபாய் கட்டினால் போன் கையில் என்று அறிவித்தார்கள். அந்த போனில் பேசியவர்கள் நிறைய பேர். அதை டேட்டா கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து #777 டயல் செய்தால் நெட் வரும் என்று தெரிந்தவர்கள் குறைவு. காகிதத்தில் 144 கே.பி.பி.எஸ். வரை வேகம். நிஜத்தில் அதில் பாதி வந்தாலே சந்தோஷம். டயல்-அப்பை விட அது தேவலை. ஆனால் கட்டணம் நிமிஷக் கணக்கு. பக்கத்தைத் திறந்துவிட்டு லைனைத் துண்டித்து, படித்துவிட்டு மறுபடி டயல் செய்தால்தான் பணம் மிச்சம்.

ஜி.எஸ்.எம். பக்கம் ஜி.பி.ஆர்.எஸ். வந்தபோது நிமிஷக் கணக்கு போய், கே.பி. கணக்கு வந்தது. நோக்கியா 6600, என்70, 3110 கிளாசிக், சோனி எரிக்சன் கே750 எல்லாம் மோடமாக வேலை செய்யும் போன்கள். 2006-லிருந்து ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா தொழிற்சாலை ஓடியது, 2014-ல் மூடினார்கள். நோக்கியா பிசி சூட் என்ற மென்பொருளைப் போட்டால் "கனெக்ட் டு தி இன்டர்நெட்" என்று ஒரு ஐகான் இருக்கும். அது வேலை செய்யாவிட்டால் மோடம் செட்டிங்ஸுக்குள் போய் "ஏ.டி. பிளஸ் சி.ஜி.டி.சி.ஓ.என்.டி." என்று ஆரம்பிக்கும் ஒரு நீளமான மந்திரத்தை எழுத வேண்டும் :) அந்த வரியில்தான் எந்தக் கம்பெனியின் எந்த வாசல் வழியாக நெட்டுக்குப் போகிறோம் என்று சொல்வது. அந்த வாசலுக்குப் பெயர் ஏ.பி.என்.

கனெக்ட் ஆனதும் மூலையில் 460.8 கே.பி.பி.எஸ். என்று காட்டும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் நடுவில் உள்ள வேகம். போனுக்கும் டவருக்கும் நடுவில் வருவது முப்பது நாற்பதுதான், அதாவது நொடிக்கு நாலைந்து கே.பி. 5 எம்.பி. பிடிஎஃப் ஒன்றை இறக்க சுமார் 17 நிமிஷம். நடுவில் யாராவது போன் செய்தால் பேசி முடிக்கும் வரை நெட் அப்படியே நிற்கும்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் வேகம் கூடும் என்று அண்ணன்மார்கள் சொல்வார்கள். அது உண்மைதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஜி.எஸ்.எம். டவரில் ஒவ்வொரு அலைவரிசையும் எட்டு கால இடைவெளிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பேச்சுக்குத்தான் முதல் மரியாதை, டேட்டாவுக்கு மிச்சம் மீதிதான் பெரும்பாலும் கிடைக்கும். ஊர் தூங்கிய பிறகு பேசுகிறவர்கள் குறைவு, மிச்சம் அதிகம். செமினார் பேப்பரையும் பழைய கொஸ்டின் பேப்பரையும் ராத்திரியில் டவுன்லோடு செய்த தலைமுறை அப்படித்தான் உருவானது.

போனிலேயே பார்த்தால் என்ன என்று கேட்கலாம். அன்றைய சாதாரண போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்து தெரியாது, கட்டம் கட்டமாக வரும். பிடிஎஃப் திறப்பது, விண்ணப்பம் நிரப்புவது, பிரிண்ட் எடுப்பது எதுவும் நடக்காது. தமிழில் நெட் படிக்க கம்ப்யூட்டர் திரை வேண்டும். அந்தத் திரைக்கு உயிர் கொடுக்க போன் வேண்டும்.

ஒரே கம்பி, இரண்டு விலை

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம். போனின் சின்னத் திரையில் பார்க்கும் "வாப்" நெட்டுக்கு ஒரு ஏ.பி.என்., ஒரு விலை. லேப்டாப்போடு இணைத்துப் பார்க்கும் நெட்டுக்கு வேறு ஏ.பி.என்., வேறு விலை. ஏர்டெல்லில் போனுக்குள் பார்ப்பது ஏர்டெல் லைவ், கம்ப்யூட்டருக்கு மொபைல் ஆபீஸ். பெயரைப் பாருங்கள், ஆபீஸாம்! லேப்டாப் வைத்திருப்பவன் என்றால் ஆபீஸ் போகிறவன், கொஞ்சம் கூடக் கொடுப்பான் என்ற எண்ணம்தான் அதில் தெரிகிறது. ஆனால் டவர் ஒன்றுதான், சிம் ஒன்றுதான், காற்றில் போகிற தகவலும் ஒன்றுதான்.

பேக் போடாதவர்களுக்கு 10 கே.பி.க்கு 10 பைசா என்பது ரொம்ப நாள் வழக்கத்தில் இருந்த கட்டணம். பத்து பைசாதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஒரு எம்.பி.க்கு 10 ரூபாய் 24 பைசா. மேலே சொன்ன 5 எம்.பி. பிடிஎஃப் 51 ரூபாய். ஒரு ஜி.பி. என்றால் பத்தாயிரத்துக்கும் மேல்! பேக் முடிந்தது தெரியாமல் பார்த்தால் டாப்-அப் செய்த பணம் மொத்தமும் அஞ்சு நிமிஷத்தில் காலி.

இந்த இடத்தில்தான் ஏர்செல்லைச் சொல்ல வேண்டும். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய "பாக்கெட் இன்டர்நெட்" மாதம் 98 ரூபாய்க்கு வந்தது. வேகம் சுமார்தான். ஆனால் எத்தனை எம்.பி. என்று எண்ண வேண்டாம். ஹாஸ்டல் பையன்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரவுசிங் சென்டரில் சில மணி நேரத்துக்கு ஆகிற காசில் ஒரு மாசம் முழுக்க நெட். புது டெக்னாலஜி எதுவும் வரவில்லை, அதே பழைய 2ஜி-தான். மாறியது விலை மட்டும்.

லேப்டாப் வந்தது, லைன் வரவில்லை

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. பிளஸ் டூ படிக்கும் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரே பார்க்காத வீட்டுக்குள் லேப்டாப் நுழைந்தது. ஆனால் அதோடு நெட் கனெக்‌ஷன் கிடையாது. அரசு கொடுத்த லேப்டாப்பையும் அப்பாவின் போனையும் இணைத்தது யாருடைய திட்டமும் இல்லை, பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக் கொண்டது.

அதே சமயம் வேறு இரண்டு விஷயம் சேர்ந்து வந்தன. 2010 ஏலத்தில் தமிழ்நாட்டுக்கான 3ஜி-யை ஏர்டெல், வோடபோன், ஏர்செல் மூன்றும் எடுத்தன. பி.எஸ்.என்.எல். அதற்கு முன்பே, 2009-ல் சென்னையில் 3ஜி தொடங்கிவிட்டது. 2010-ல் வந்த ஆண்ட்ராய்டு 2.2-ல் வைஃபை ஹாட்ஸ்பாட் உள்ளேயே இருந்தது. கேபிள் போச்சு, பிசி சூட் போச்சு, *99# போச்சு. மந்திரம் எல்லாம் ஒரு பட்டனுக்குள் அடங்கிவிட்டது.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்து, 2017 மார்ச் வரை டேட்டாவை இலவசமாகவே கொடுத்தது. பத்தாயிரம் ரூபாய்க் கணக்கு எங்கே, இது எங்கே? மற்ற கம்பெனிகளும் விலையைக் குறைத்தன. அந்த அடியில் ஏர்செல் தாங்கவில்லை. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் போனது. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற ஜனங்கள் அலைந்தார்கள். 98 ரூபாய்க்கு நெட் கொடுத்த கம்பெனி திவாலானது.

டவருக்கு அந்தப் பக்கம்

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளி, கல்லூரிகள் மூடியபோது இந்தக் கதைக்கு நிஜமான பரீட்சை வந்தது. ஒரு வீட்டில் ஒரு போன், இரண்டு பிள்ளை, இரண்டு வகுப்பு. 2021 ஜனவரியில், சேலம் மாவட்டத்துக்காரரான அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கல்லூரி மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா கார்டு அறிவித்தார். லேப்டாப் கொடுத்து பத்து வருஷம் கழித்து, அதற்குள் ஓட வேண்டியதையும் கொடுக்க வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்தது. அதே 2021-ல் ராசிபுரம் பக்கத்து மலையடிவாரத்தில் பிள்ளைகள் சிக்னலுக்காக ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கவனித்த படம் செய்திகளில் வந்தது. டேட்டா இலவசம் என்றாலும் டவர் இல்லாத இடத்தில் ஹாட்ஸ்பாட் பட்டனை அழுத்தி என்ன பயன்?

திரும்பிப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. செல்போன் ஆரம்பத்திலிருந்தே மோடம்தான். 1981-ன் ஏ.டி. பாஷை அதற்குள் இருந்தது. தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கும் நெட்டுக்கும் நடுவில் நின்றது டெக்னாலஜி இல்லை. ஒன்று விலை, இன்னொன்று டவர். விலை இறங்கியபோதெல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே கேபிளையும் ப்ளூடூத்தையும் வைத்து வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். டவர் இல்லாத இடத்தில் மரம் ஏறியிருக்கிறார்கள். ஒயருக்குக் காத்திருந்தால் அவர்கள் படிப்பு முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வீட்டு நெட், படிப்பு, பணம் அனுப்புவது எல்லாமே ஒரே சிம்மில் தொங்குகிறது. ஏர்செல் போன அந்த வாரம் அது எவ்வளவு மெல்லிய கயிறு என்று காட்டியது. அன்றைக்கு ஓடிப் போய்ச் சேர வேறு கம்பெனிகள் இருந்தன. இப்போது தனியார் கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.