பழைய நாஸ் பெட்டியிலிருந்து புதியதற்கு: கோப்புகளை இழக்காமல் மாற்றுவது எப்படி?

ஊரில் எடுத்த படங்களும் அம்மம்மாவின் குரல்பதிவும் வீட்டு நாஸ் பெட்டியில் இருந்தால், புதியதற்கு மாறும்போது அவசரப்படாதீர்கள். பழைய வன்தட்டுகளைக் கழற்றிப் புதியதில் செருக வேண்டாம். வேறு நிறுவனத்தின் பெட்டி அவற்றை அழித்தே தயார்படுத்தக்கூடும். இரண்டையும் ஒரே ரௌட்டரில் கேபிளால் இணைத்து, ஆர்சிங்க் மூலம் பிரதி எடுங்கள்; வெட்டி ஒட்டாதீர்கள். கிகாபிட் இணைப்பில் 4 டெராபைட்டுக்குச் சுமார் 10 மணி நேரம் செல்லும்; சிறு கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் கூடும். முடிந்ததும் செக்சம் ஒப்பீட்டுடன் மீண்டும் ஓட்டுங்கள். மாறுபட்ட கோப்புகளை அது திரும்பப் பிரதி எடுக்கும். சிலவற்றைத் திறந்தும் பாருங்கள். ரெய்ட் 1 காப்புப்பிரதி அல்ல: ஒரு கோப்பை அழித்தால் இரு வன்தட்டிலும் அழியும். வெளி வன்தட்டில் இன்னொரு பிரதி எடுத்து உறவினர் வீட்டில் வையுங்கள். அதுவரை பழையதை அழிக்காதீர்கள்.