கர்ணம் ஏடும் கணிப்பொறியும்

நிலத்தை அளந்து வரி விதித்த ராஜ்யம் எதுவாயினும், அதன் ஏடுகளில் வாசிப்பதற்குரிய எழுத்து ஒன்றும், காலத்தையும் தொகையையும் நிர்ணயிக்கும் குறி மற்றொன்றும் கலந்தே வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே உருவம் பூணும்போது அவற்றைப் பிரித்தறியும் உபாயம் யாது என்பது கணக்கெழுதுவோரின் புராதனமான பிரச்சினை.

முன்னாளில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த பெரம்பலூர், அரியலூர் பிரதேசத்தில் இதன் சரித்திரத்தைக் கல்லிலேயே காணலாம். கங்கைகொண்ட சோழபுரத்திலும் பழுவூர்க் கோயில்களிலும் உள்ள சோழர் சாஸனங்களில், ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ முதலிய வடசொற்கள் கிரந்த எழுத்திலும், ஏனையவை பெரும்பாலும் புள்ளியில்லாத தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்க, ககரம் போன்றே ஒன்றும், உகரம் போன்றே இரண்டும், அகரம் போன்றே எட்டும் இடையிடையே எண்களாக நிற்கின்றன.

பிற்காலத்துக் கிராமக் கணக்கர்களான கர்ணங்கள் இந்தச் சங்கடத்தைக் குறிகளால் தீர்த்தனர். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹ என வழங்கிய இவற்றுள் நாட்குறி போன்றது பின்னே வந்தால் முன்னே நிற்பது எழுத்தன்று, எண் என்பது தெளிவாகும். ‘மேற்படி’ என்னும் ௸ குறியோ இன்னும் விசேஷமானது. தனக்கென ஒரு பொருளும் இன்றி, மேலே சொன்ன ஊரையோ ஆளையோ அந்த இடத்துக்கு அழைத்து வருவதே அதன் உத்தியோகம்.

இக்காலத்துச் சொற்செயலியில், வேண்டிய தகவலை அந்த இடத்துக்கு அழைத்து வரும் கட்டளையாகிய புலக்குறியீடும் (field code) இதே வேலையைத்தான் செய்கிறது. வேர்டு மென்பொருளில் கன்ட்ரோலும் எஃப்9 விசையும் சேர்ந்து இடும் சுருளடைப்புக்கும், விரலால் தட்டிய சுருளடைப்புக்கும் கண்ணுக்கு வேற்றுமை இல்லை. எனினும் முன்னது கட்டளை, பின்னது வெறும் எழுத்து. அங்கே கட்டளைக்கு அடையாளமான பின்சாய்கோட்டை எழுத்தாகவே காட்ட விரும்பினால் அதை இரட்டித்து இடவேண்டும். கர்ணத்தின் விவேகம் இயந்திரத்துக்கு இல்லாமையால், சந்தர்ப்பத்தால் அவர் அறிந்ததை அதற்குத் தனிக்குறியால் அறிவிக்க வேண்டியதாயிற்று.

1980இல் தமிழ்நாட்டில் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டது. ஆயினும் குறிகள் ஒழியவில்லை. யூனிகோடு தமிழ் எண்களுக்கு 1991இலேயே எழுத்துகளினின்று வேறான இடங்களை வகுத்தது. 2003இல் நாள் முதலிய எட்டுக் கணக்குக் குறிகளையும், 2019இல் முந்திரி முதலிய பின்னங்கள் உள்ளிட்ட 51 குறிகளையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே பழைய பத்திரங்களைக் கணிப்பொறியில் ஏற்றுவோர், உருவம் ஒத்திருக்கிறது என்று எண்ணுக்கு ஈடாக எழுத்தைத் தட்டிவிடலாகாது; அவ்விதம் தட்டிய ஏட்டைக் கண் வாசித்துவிடும், ஆனால் கணக்கிடவும் தேடவும் முற்படும் இயந்திரம் அங்கே எண் ஒன்று இருப்பதையே அறியாது.