பரிசுச்சீட்டு போய் செல்போன் வந்தது

கேரளா 1967-ல் லாட்டரி ஆரம்பிச்சது. அடுத்த வருசமே அண்ணா ஆட்சியில் நம்ம அரசாங்கமும் பரிசுச்சீட்டு வித்தது. குலுக்கலுக்குக் காத்திருந்தவரை பெரிய சேதாரம் இல்லை. அன்னைக்கே முடிவு தெரியுற ஒரு நம்பர் சீட்டு வந்த பிறகுதான் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் வாங்கின காசு வீடு வந்து சேரலை. காலையில விட்டதை சாயங்காலம் பிடிக்க ஓடுவாங்க.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செஞ்சது. கடைகள் மூடியாச்சு. அப்புறம் ரம்மி செல்போனில் வந்துச்சு. அதுக்கு ராத்திரியும் கிடையாது. 2022-ல் சட்டசபை போட்ட தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 ஏப்ரலில்தான் சட்டமாச்சு. (அந்த இடைவெளியில் எத்தனை நகை அடகுக்குப் போச்சோ!) 2025-ல் மத்திய அரசும் காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செஞ்சது.

லாட்டரிக் காலத்தில் இல்லாதது ஒண்ணு இப்ப இருக்கு: அரசின் டெலி மானஸ், 14416. எந்நேரமும் இலவசமா தமிழில் பேசலாம். ஆடுறவர் பேச மறுத்தா, வீட்டுக்காரங்களே கூப்பிடலாம்.